கேட்டும் கிடைக்காத பக்கங்கள்

இணைய இணைப்பே இல்லாத கணினிக்கு இணையப் பக்கங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி என்று கேட்டால், இன்று ஆயத்தமான விடை ஒன்று உண்டு. இணையம் இல்லாமலே பக்கங்களைப் படிக்க உதவும் கிவிக்ஸ் மென்பொருளை நிறுவுங்கள், விக்கிப்பீடியாவை ஒரே கோப்பாக இறக்குங்கள், ராஸ்பெரி பை என்ற சிறிய கணினியில் போட்டு வைஃபை வழியாகப் பரப்புங்கள் என்பார்கள். விடை சரிதான். ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஓர் ஊரின் மாலைநேரப் படிப்பு மையத்தில் நானும் நண்பர்களும் செய்து வைத்திருப்பதும் ஏறக்குறைய அதுதான். ஆனால், அந்தக் கணினிப் பெட்டியைப் பராமரித்து வருவதில் எனக்கு ஒரு கருத்து உறுதிப்பட்டிருக்கிறது. பெட்டிக்குள் எத்தனை லட்சம் கட்டுரைகள் இருக்கின்றன என்பது இரண்டாம்பட்சம். அதில் தேடியும் கிடைக்காமல் போனது எது என்பது வெளியே இருப்பவருக்குத் தெரியவர ஒரு வழி இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. பழைய கருவிகளில் அந்த வழி இருந்தது. இப்போது கிடைக்கும் கருவிகள் பலவற்றில் அதை நாமே அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பழைய ஏற்பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். தொலைபேசிக் கம்பி வழியே மோடம் கூவிக் கூவி இணைந்த காலத்தில், இணையம் நிமிடத்துக்கு இவ்வளவு காசு என்ற கணக்கில் ஓடியது. 1990-களின் பிற்பாதியில் ஆண்ட்ரூ பிஷப் என்பவர் உருவாக்கிய 'வேர்ல்ட் வைட் வெப் ஆஃப்லைன் எக்ஸ்ப்ளோரர்' அந்தக் கணக்கை மனத்தில் வைத்து எழுதப்பட்ட ப்ராக்ஸி நிரல். மோடம் உள்ள ஒரு கணினியில் அது ஓடும். வீட்டிலோ அலுவலகத்திலோ உள்ள மற்றக் கணினிகளின் உலாவிகள் எல்லாம் அதனிடமே பக்கங்களைக் கேட்கும். ஒருவர் பார்த்த பக்கம் அதன் வட்டில் தங்கிவிடும். இணைப்பைத் துண்டித்த பிறகும், அடுத்த அறையில் இருப்பவர் அதே முகவரியைத் தட்டினால் அதே பக்கம் வரும். அதில் உள்ள சுட்டிகளும் வேலை செய்யும். இதுவரை யாரும் பார்க்காத பக்கத்தைக் கேட்டால் என்ன ஆகும் என்பதில்தான் அந்த நிரலின் நேர்த்தி இருக்கிறது. பிழைச் செய்தி காட்டிக் கைவிரிக்காமல், கோரிக்கை குறித்துக்கொள்ளப்பட்டது, அடுத்த முறை இணைப்பு வரும்போது எடுத்து வைக்கப்படும் என்ற பொருளில் ஒரு பக்கத்தைக் காட்டும். கட்டணம் குறையும் இரவு நேரத்தில் இணைப்பைப் போட்டால், பகல் முழுவதும் சேர்ந்த கோரிக்கைகளை ஒரே மூச்சில் இழுத்து வைத்துவிட்டுத் துண்டித்துக்கொள்ளலாம்.

இதையே பெரிய நிறுவனங்களின் அளவில் செய்தது ஸ்குவிட். ஹார்வெஸ்ட் என்ற ஆராய்ச்சித் திட்டத்தின் கேஷ் நிரலிலிருந்து, அதாவது பார்த்த பக்கங்களைச் சேமித்து வைக்கும் நிரலிலிருந்து, கிளைத்த இது, உலகெங்கும் கல்லூரிகளிலும் இணையச் சேவை நிறுவனங்களிலும் ஓடியது. நான் படித்த கல்லூரியின் ஆய்வகத்திலும் இருந்தது. ஜாவா மொழியின் ஆவணப் பக்கம் ஒன்றை வகுப்பில் முதலில் திறப்பவருக்கு அது ஆடி அசைந்து வரும். அடுத்தவருக்குக் கண் இமைக்கும் நேரத்தில் வந்துவிடும். அதற்கான காரணம் அன்று எங்களில் பலருக்குத் தெரியாது. ஸ்குவிடின் அமைப்புக் கோப்பில் 'ஆஃப்லைன் மோட்' என்று ஒரு வரி உண்டு. அதை இயக்கிவிட்டால், சேமித்து வைத்த நகல் பழையதாகிவிட்டதா என்று மூலத் தளத்திடம் சரிபார்க்காமல், கையில் இருப்பதை அப்படியே கொடுத்துவிடும். இணைப்பு அறுந்து கிடக்கும் நாள்களில் முந்தைய வாரம் பலர் பார்த்த பக்கங்கள் எல்லோருக்கும் படிக்கக் கிடைத்தது இப்படித்தான். யாரும் திட்டமிட்டுத் தொகுக்கவில்லை. பயன்பாட்டின் உபரியாகவே ஒரு நூலகம் சேர்ந்துகொண்டிருந்தது.

அந்த நூலகத்தைக் கலைத்தது மறையாக்கம். 2013-இல் எட்வர்ட் ஸ்னோடென் வெளியிட்ட ஆவணங்கள் அரசுகளின் ஒட்டுக்கேட்பை அம்பலப்படுத்திய பிறகு, எச்.டி.டி.பி.எஸ். என்ற மறையாக்க முறைக்குத் தளங்கள் மாறும் வேகம் கூடியது. 2014-இல் கூகுள் தன் தேடல் வரிசையில் அதை ஒரு தகுதியாகச் சேர்த்தது. 2015 இறுதியில் 'லெட்ஸ் என்கிரிப்ட்' என்ற அமைப்பு அதற்குத் தேவையான சான்றிதழ்களை இலவசமாக வழங்கத் தொடங்கியது. 2018 ஜூலையில் குரோம் உலாவி, மறையாக்கம் இல்லாத தளங்கள் அனைத்தையும் 'பாதுகாப்பற்றது' என்று முத்திரை குத்தியது. உலாவிக்கும் தளத்துக்கும் நடுவே நிற்கும் ப்ராக்ஸிக்கு இப்போது தெரிவது எந்தத் தளத்தோடு பேச்சு நடக்கிறது என்பது மட்டும்தான். எந்தப் பக்கம் கேட்கப்பட்டது, என்ன வந்தது என்பவை அதற்கு வெறும் சங்கேதக் குவியல். குவியலைச் சேமித்துப் பயனில்லை, ஏனெனில் அடுத்தவருக்கு அதே பக்கம் வேறொரு திறவுகோலால் பூட்டப்பட்டு வரும். ஒவ்வொரு கணினியிலும் நம் சொந்தச் சான்றிதழை நிறுவி, ப்ராக்ஸியே பிரித்துப் படிக்குமாறு செய்யும் வழி இருக்கிறது. ஆனால், ஆசிரியர் வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியிலும் அதைச் செய்துவைக்க எனக்கு மனம் வராது. மறையாக்கத்தை நான் குறைசொல்லவில்லை. அதன் விலையை யார் கொடுத்தார்கள் என்பதையே சொல்கிறேன். அகலமான இணைப்பு உள்ளவருக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை. மெல்லிய ஒரே இணைப்பைப் பல கணினிகள் பகிர்ந்துகொண்ட ஆப்பிரிக்க, ஆசியப் பள்ளிகளில் ஒரே பக்கம் ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனியாக அந்த இணைப்பில் ஊர்ந்து வர வேண்டியதாயிற்று.

இனி யாராவது உட்கார்ந்து, எது வேண்டும் என்று தீர்மானித்து, தொகுத்து, எடுத்துச் சென்றால்தான் உண்டு என்ற நிலை இப்படி வந்தது. தொகுத்து எடுத்துச் செல்வது புதிய யோசனையும் அல்ல. நைஜீரியாவின் ஜோஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிவிட்டு வந்த கிளிஃப் மிஸ்ஸன், 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்திலிருந்து 'இ-கிரானரி' என்ற மின்நூலகத்தைத் தொடங்கினார். ஆசிரியர்களிடமும் பதிப்பாளர்களிடமும் அனுமதி பெற்று, தளங்களை முழுமையாக வட்டில் நகலெடுத்து, இணையம் எட்டாத பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பினார்கள். உள்ளூர் வலையமைப்பில் உள்ள ப்ராக்ஸி, பக்கங்களை அவற்றின் உண்மையான முகவரியிலேயே காட்டியதால், படிப்பவர் இணையத்தில் இருப்பதுபோலவே உலவ முடிந்தது. மலையாளிகள் 2010-இல் தங்கள் விக்கிப்பீடியாவிலிருந்து தேர்ந்தெடுத்த 500 கட்டுரைகளைக் குறுந்தகடாக வெளியிட்டதும் இதே பாதையில்தான்.

வேறொரு பாதையும் இருந்தது. எனக்கு அதிகம் பிடித்தது அதுதான். அதில் கோரிக்கையும் பயணம் செய்யும். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பில் தீஸும் சமன் அமரசிங்கவும் அவர்களுடைய குழுவினரும் 2000-களின் தொடக்கத்தில் செய்த 'டெக்' என்ற தேடுபொறி மின்னஞ்சல் வழியே இயங்கியது. கிராமத்துக் கணினியில் தேடும் சொற்களைத் தட்டிவிட்டால் அவை வரிசையில் காத்திருக்கும். இணைப்பு கிடைக்கும்போது மின்னஞ்சலாகப் போகும். மறுமுனையில் உள்ள சர்வர் தேடி, பக்கங்களை இறக்கி, தேவையற்ற படங்களைக் கழித்து, சுருக்கி அனுப்பும். அந்தக் கணினியிடம் ஏற்கெனவே எந்தப் பக்கங்கள் இருக்கின்றன என்று சர்வருக்குத் தெரியும் என்பதால், ஒருமுறை அனுப்பியதை மறுபடி அனுப்பிக் கம்பியை அடைக்காது. அதே காலத்தில், எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தில் முளைத்த டாக்நெட் என்ற திட்டம் கர்நாடகத்தின் தொட்டபள்ளாப்புராவில் இதைப் பேருந்தில் ஏற்றியது. ஊர்ப்புறத்துக் கணினியில் பதிவான நில ஆவணக் கோரிக்கைகளை, வைஃபை பெட்டி பொருத்திய பேருந்து, நிறுத்தத்தைக் கடக்கும்போது வாங்கிக்கொள்ளும். தாலுகா அலுவலகம் வந்ததும் 'பூமி' என்ற நில ஆவணத் திட்டத்தின் கணினியிடம் இறக்கிவிடும். திரும்பி வரும்போது பதிலைக் கொடுத்துவிட்டுப் போகும். கம்போடியாவின் ரத்தனகிரி மாகாணத்தில் இதே வேலையை மோட்டார் சைக்கிள்கள் செய்தன. பேருந்து நிற்கக்கூட வேண்டியதில்லை, மெதுவாகக் கடந்தால் போதும் என்பதை முதன்முதலில் படித்தபோது, நம்மூர்த் தபால் வண்டிக்கும் இதைப் பொருத்தியிருக்கலாமே என்று தோன்றியது.

கியூபாவின் 'எல் பக்கேத்தே செமனால்' இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. வாரந்தோறும் ஏறக்குறைய 1 டெராபைட் அளவுக்குத் தொடர்கள், பாடல்கள், செய்தித் தளங்களின் நகல்கள், வைரஸ் தடுப்பு நிரல்களின் புதுப்பிப்புகள், ரெவோலிகோ என்ற வரிவிளம்பரத் தளத்தின் நகல் ஆகியவை வட்டுகளில் ஏறித் தீவு முழுவதும் கைமாறுகின்றன. புதிதாக வரும் நாளில் ஒரு விலை, நாள் ஆக ஆகக் குறைந்த விலை. அங்கே கோரிக்கை நோட்டு எதுவும் தனியாக வேண்டியதில்லை. காசு கொடுத்து வாங்குபவர் எதைக் கேட்கிறார் என்பது விற்பவருக்கு அன்றன்றைக்கே தெரிந்துவிடுகிறது. இலவசமாகக் கொடுக்கும் எங்களைப் போன்றவர்களுக்குத்தான் அந்தச் செய்தி வந்து சேர்வதில்லை. இலவசப் பொருளில் குறை சொல்ல மக்கள் கூச்சப்படுகிறார்கள்.

இனி எங்கள் பெட்டிக்கு வருகிறேன். கிவிக்ஸ் 2007-இல் இம்மானுவேல் எங்கல்ஹார்ட், ரெனோ கொதாங் ஆகிய இருவரால் தொடங்கப்பட்டது. அது பயன்படுத்தும் ஜிம் வகைக் கோப்பு, லட்சக்கணக்கான பக்கங்களையும் படங்களையும் தேடல் அட்டவணையையும் ஒரே கோப்பில் சுருக்கி அடக்கி, வேண்டிய பக்கத்தை மட்டும் விரித்துக் காட்டும். ஆங்கில விக்கிப்பீடியா படங்களோடு சுமார் 100 ஜிபி. தமிழ் விக்கிப்பீடியாவின் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள், படம் இல்லாத பதிப்பாக, பழைய 4 ஜிபி பென் டிரைவ் ஒன்றிலேயே அடங்கிவிடும். கோப்பின் பெயரிலேயே ஆண்டும் மாதமும் இருப்பதால் நகல் எவ்வளவு பழையது என்பதும் தெரியும். பென் டிரைவ் ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை அது ஏற்காது. எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்துகொள்ள வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் மலை ஏறினால் அங்கே ஒன்றும் செய்ய முடியாது.

ஜிம் கோப்பாக யாரும் கட்டித் தராத தளங்களை நாமே இறக்க வேண்டும். தமிழில் வேலை செய்பவருக்கு மட்டும் நேரும் தொல்லைகள் அங்கே காத்திருக்கின்றன. இணைய முகவரியில் தமிழ் எழுத்துகள் விழுக்காட்டுக் குறியோடு மாற்றி எழுதப்படும். யூனிகோடின் யூ.டி.எஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட்டுகள். ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்துகளாக விரியும். ஆகவே, ஒரு குறியீட்டுக்கு ஒன்பது எழுத்துகள். உயிர்மெய்யின் துணையெழுத்தும் புள்ளியும் தனிக் குறியீடுகள் என்பதால், 'தமிழ்நாடு' என்ற ஒரு சொல் மட்டும் 81 எழுத்துகள் ஆகிவிடும். கோப்பின் பெயர் 255 எழுத்துகளைத் தாண்டக் கூடாது என்பது பெரும்பாலான கோப்பு முறைகளின் வரம்பு. நான்கு சொல் கொண்ட தலைப்பு உள்ள பக்கம் அந்த வரம்பில் முட்டி, சேமிக்கப்படாமலே போகும். அடுத்தது கேள்விக்குறி. முகவரியில் கேள்விக்குறி உள்ள பக்கங்களை லினக்ஸில், தளங்களை இறக்கும் வீகெட் கருவி அதே பெயரில் சேமித்துவிடும். அதைப் பென் டிரைவுக்கு நகலெடுக்கும்போதோ விண்டோஸுக்கு மாற்றும்போதோ, கேள்விக்குறி உள்ள பெயர்கள் அங்கே செல்லாது என்பதால் அந்தக் கோப்புகள் மட்டும் விடுபட்டுவிடும். இறக்கும்போதே விண்டோஸுக்கு ஏற்ற பெயர்களாக வைக்கும்படி கருவியிடம் சொல்லிவிட்டால் அது கேள்விக்குறிக்குப் பதிலாக '@' குறியைப் போட்டுக்கொள்ளும். இறக்கி முடித்த பிறகு, இணைப்பைத் துண்டித்துவிட்டு ஒவ்வொரு சுட்டியையும் ஒரு நிரலால் தொட்டுப் பார்ப்பதை நான் வழக்கமாக வைத்திருக்கிறேன்.

ஜாவாஸ்கிரிப்டால் கட்டப்படும் இன்றைய தளங்களுக்கு வீகெட் போதாது. அது இறக்கித் தருவது வெற்றுக் கூடாக இருக்கும். உள்ளடக்கம் உலாவி ஓடும்போதுதான் வந்து நிரம்பும். உண்மையான உலாவி ஒன்றையே இயக்கிப் பக்கங்களைப் பதிவுசெய்து ஜிம் கோப்பாக்கும் ஜிமிட் என்ற கருவி அதற்காக வந்தது. ஆனால், அதன் தொடக்கப் பதிப்புகள் தந்த கோப்புகள், உலாவியின் 'சர்வீஸ் வொர்க்கர்' என்ற வசதியை நம்பியிருந்தன; அந்த வசதி எச்.டி.டி.பி.எஸ். இருந்தால்தான் இயங்கும். இணையமே இல்லாத மலைப் பெட்டிக்கு உலாவிகள் ஏற்கும் சான்றிதழை யார் கொடுப்பார்கள்? கேஷைக் கொன்ற அதே கட்டுப்பாடு, நகலையும் திறக்கவிடாமல் வாசலில் நின்றது. 2024-இல் வந்த இரண்டாம் பதிப்பு அந்த வசதியைக் கைவிட்டு, பக்கத்தின் முகவரிகளை முன்கூட்டியே மாற்றி எழுதிக்கொள்வதால் இப்போது அந்தச் சிக்கல் இல்லை.

இடத்தில் இருக்கும் சிறு தொல்லைகளை விரைவாகச் சொல்லிவிடலாம். ராஸ்பெரி பையில், நான் பயன்படுத்தும் மாதிரியில், மின்சாரம் நின்றாலும் ஓடும் கடிகாரம் கிடையாது. இணையத்திலிருந்து நேரம் கேட்டுக்கொள்ளவும் வழியில்லாததால், மின்வெட்டுக்குப் பிறகு அதன் தேதி பின்தங்கிவிடும். சிறிய கடிகாரச் சில்லு ஒன்றைப் பொருத்தினால் தீரும். ஆண்ட்ராய்டு கைபேசிகள், இந்த வைஃபையில் இணையம் இல்லை என்று கண்டுகொண்டதும் தாமாகவே விலகிவிடப் பார்க்கும். 'இணைந்தே இரு' என்று ஒருமுறை அழுத்தச் சொல்லிக்கொடுக்க வேண்டும். நன்கொடையாக வந்த கணினிகளில் ஒன்றிரண்டு விண்டோஸ் எக்ஸ்.பி. காலத்தவை. அதில் தமிழ் தெரிய வேண்டுமானால் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளை மூலக் குறுந்தகட்டிலிருந்து தனியாக நிறுவ வேண்டும். அந்தக் குறுந்தகடு யாரிடமும் இருக்காது. லினக்ஸை ஏற்றிவிடுவதே மேல்.

எதைக் கொண்டுசெல்லலாம் என்பதில் உரிமத்தையும் பார்க்க வேண்டும். விக்கிப்பீடியா, 1998 முதல் இயங்கிவரும் மதுரைத் திட்டத்தின் இலக்கிய நூல்கள், கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வரும் தமிழ் மின்நூல்கள் ஆகியவற்றில் தயக்கமே வேண்டாம். நாளிதழ்களின் தளங்களை நான் எடுப்பதில்லை. உரிமம் ஒரு காரணம். இன்னொன்று, மூன்று வாரம் கழித்துப் போகும் செய்தியை அங்கே யாரும் கேட்கவில்லை.

யார் என்ன கேட்கிறார்கள் என்பது எங்களுக்கு எப்படித் தெரிகிறது என்பதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். கிவிக்ஸின் சர்வருக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சர்வரை நிறுத்தியிருக்கிறேன். தேடும் சொற்கள் எல்லாம் அதன் பதிவுக் கோப்பில் விழும். போகும்போது அதை எடுத்து வந்து, வீட்டில் அதே ஜிம் கோப்பில் ஒரு சிறு நிரலால் ஒவ்வொரு தேடலையும் மறுபடி ஓடவிட்டு, ஒன்றும் வராதவற்றைப் பிரிக்கிறேன். முதலில் அந்தப் பட்டியல் மிக நீளமாக வந்தது. உற்றுப் பார்த்தால் அதில் பெரும்பகுதி, உள்ளடக்கம் இல்லாததால் தோற்ற தேடல்கள் அல்ல. பிள்ளைகள் தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் தட்டியிருந்தார்கள். பலாவும் சாமையும் காவலூரும் பெட்டிக்குள் இருந்தும், ரோமன் எழுத்தில் தேடியதால் அவர்கள் கைக்குச் சிக்கவில்லை. கைபேசியில் தமிழ் அடிக்கப் பழகியவர்களுக்கும் மேசைக் கணினியின் விசைப்பலகையில் தமிழ் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. தேடும் பெட்டியில் ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழாக மாறும்படி ஒரு சிறு நிரல்துண்டைச் சேர்த்ததும் பட்டியல் பாதிக்கு மேல் சுருங்கிவிட்டது. புதிதாக ஒரு பக்கம்கூடச் சேர்க்காமல் கிடைத்த பயன் இது.

பதிவுக் கோப்புக்கு ஒரு எல்லை உண்டு. இரண்டு முறை தேடிப் பார்த்துக் கிடைக்காதவர் மூன்றாம் முறை தேடுவதில்லை. கணினியைத் தொடவே தயங்கும் பெரியவர்களின் கேள்வி அதில் விழவே விழாது. ஆகவே, கணினி மேசையில் கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். வேண்டியதை எழுத இடப்பக்கம். பதில் எழுத வலப்பக்கம். மையத்தை நடத்தும் டீச்சரின் யோசனை அது. "சார், அது எழுதுறதுக்கு மட்டும் இருந்தா யாரும் எழுத மாட்டாங்க. வந்துச்சா வரலையான்னு பக்கத்துலயே இருக்கணும்" என்றார். பென் டிரைவோடு போகிறவர் ஒவ்வொரு வரிக்கும் எதிரே எங்கே இருக்கிறது என்பதையும் தேதியையும் எழுத வேண்டும். கிடைக்கவில்லை என்றால் அதையும் எழுத வேண்டும். நான் போய் நோட்டைப் புரட்டும்போது, "அண்ணா, நான் கேட்டது வந்துச்சா?" என்று கேட்பதற்கென்றே சிலர் வந்து நிற்பார்கள்.

நோட்டில் வந்தவை எங்கள் ஊகத்தை அதிகம் ஒத்திருக்கவில்லை. எட்டாம் வகுப்பு மாணவர்கள் எழுதும் தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித்தொகைத் தேர்வின் பழைய வினாத்தாள்கள் வேண்டும் என்பது திரும்பத் திரும்ப வந்தது. அதே மலைத்தொடரில், காவலூரில் உள்ள வைணு பாப்பு வானாய்வகத்தைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். 1986-இல் திறக்கப்பட்ட 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்கே இருப்பதை ஆசிரியர் சொல்லியிருந்தார், அதில் எது தெரியும் என்பது அவர்கள் கேள்வி. வயதான ஒருவர், பேத்தியின் கையெழுத்தில், மாட்டுக்குத் தோலெல்லாம் கட்டி கட்டியாக இருக்கிறது, மருந்து என்ன என்று எழுதச் சொல்லியிருந்தார். விக்கிப்பீடியா எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இவற்றுக்கு அது போதாது. வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தளத்திலிருந்து சிறுதானியப் பக்கங்களையும், கால்நடைகளின் தோல் கழலை நோய் பற்றிய தமிழ்க் கையேடு ஒன்றையும் இந்த நோட்டைப் பார்த்துத்தான் சேர்த்தோம். மாட்டைப் பற்றிய கேள்விக்குச் சில வாரங்கள் கழித்துப் போகும் பக்கத்தால் பயனில்லை என்பது சொல்லாமலே விளங்கும். அன்று டீச்சர் சாலைத் திருப்பத்துக்கு நடந்து போய், சிக்னல் கிடைக்கும் இடத்திலிருந்து கால்நடை மருத்துவருக்குப் பேசினார். அடுத்த மாட்டுக்குத்தான் கையேடு. அவசரமான கேள்வியையும் ஆறப் படிக்க வேண்டிய கேள்வியையும் பிரித்துப் பார்க்க அந்த வரி எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது. இப்போது நோட்டின் முதல் பக்கத்தில் கால்நடை மருத்துவமனை, 108 ஆம்புலன்ஸ், 1098 குழந்தைகள் உதவி ஆகிய எண்கள் ஒட்டப்பட்டிருக்கின்றன.

பழைய நகல் சும்மா இருப்பதைவிடக் கெடுதல் செய்யும் இடங்களும் உண்டு. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள், மருந்தின் அளவு, அரசுத் திட்டங்களின் வருமான வரம்பு போன்றவை அப்படிப்பட்டவை. உலாவியில் பக்கம் பளிச்சென்று வந்து நிற்பதால், அது இன்றைய பக்கம் என்றே படிப்பவர் நம்புவார். நாங்களே இறக்கும் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் மஞ்சள் பட்டை ஒன்றில் 'இது இந்தத் தேதியில் எடுத்த நகல்' என்று தமிழில் போட்டுவிடுகிறோம். தேதியால் செத்துப்போகும் பக்கங்களைப் பெட்டியில் வைப்பதே இல்லை; அவற்றை அச்செடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டி, நாள் கடந்ததும் கிழித்துவிடலாம்.

பதிவுக் கோப்பைப் பற்றி ஒரு தயக்கம் எனக்கு இருந்தது, இப்போதும் இருக்கிறது. சிறிய ஊரில், மாலை ஆறு மணிக்கு எந்தக் கணினியில் யார் உட்கார்ந்திருந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். வளரிளம் பெண் ஒருத்தி தன் உடலைப் பற்றித் தேடியது நேரத்தோடும் கணினி எண்ணோடும் என் கைக்கு வருவது சரியல்ல. ஆகவே, பதிவில் நேரமும் கணினியின் முகவரியும் விழாதபடி மாற்றி, தேடிய சொற்களை மட்டும், அதுவும் தேடிய வரிசையைக் கலைத்து அகரவரிசையில் வைக்கிறேன். நோட்டிலும் பெயர் எழுதச் சொல்வதில்லை. டீச்சருக்கே தெரியக் கூடாத கேள்விகள் இருக்கும் அல்லவா. அவற்றுக்காக நோட்டின் பக்கத்தில் துண்டுச்சீட்டு போடும் டப்பா ஒன்றும் வைத்திருக்கிறோம். அதில் சீட்டு விழுவது குறைவு. விழுபவை முக்கியமானவை.

இப்போது நோட்டின் வலப்பக்கம் காலியாக நிற்கும் வரிகளில் பெரும்பாலானவை காணொளிகள். 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் பாடத்துக்குப் பாடம் க்யூ.ஆர். குறியீடு அச்சிடப்பட்டது, அதை வருடினால் தீக்ஷா என்ற அரசுக் கல்வித் தளத்தின் காணொளி திறக்கும். செயலியில் இறக்கி வைத்துக்கொள்ளலாம் என்றாலும், கைபேசி ஒருவர் கையில்தான் இருக்கும். மையத்தின் கணினிகளுக்கு அது உதவாது. குறியீட்டின் கீழே ஆறு எழுத்துகளில் ஒரு அடையாளமும் அச்சாகியிருப்பதை ஒரு மாணவன்தான் காட்டினான். காணொளிகளை அந்த ஆறு எழுத்துகளையே பெயராக வைத்துப் பெட்டியில் அடுக்கி, பிள்ளைகள் புத்தகத்தைப் பார்த்து அதைத் தட்டினால் காணொளி ஓடுமாறு ஒரு பக்கம் செய்திருக்கிறேன். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் குறிப்பிடப்பட்டவற்றை மட்டும், தரத்தைக் குறைத்து, சுருக்கிச் சேர்த்து வருகிறோம். இருக்கும் வட்டில் எல்லா வகுப்புகளுக்கும் இடமில்லை. உதவித்தொகைத் தேர்வை முன்னிட்டு எட்டாம் வகுப்பு அறிவியலும் கணக்கும் முதலில் ஏறியிருக்கின்றன. நோட்டில் அதிகம் கேட்கப்பட்ட வரிசையில், அடுத்தது பத்தாம் வகுப்பு.